காளை மேல் பழி

"குத்தம் முழுக்கக் காளையோடதுதான், ஆயா. அடுத்த தடவை சினை ஊசி போடறப்ப வேற காளையோடதா கேட்டு வாங்குங்க. கன்னு நல்லா நிக்கும்."

ஹஸன் இப்படிச் சொன்னதும் ஹம்சினிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இருவரும் மாடுகளின் மரபணு வரைபடம் தயாரிக்கும் ஆராய்ச்சி மாணவர்கள். மயிலாப்பூர் சித்திரக்குளத்துச் சந்தில் முனியம்மாளின் பசு போட்ட இரண்டு கன்றுகளும் செத்துப்போக, போன மாதம்தான் வந்து அதன் ரத்தத்தை எடுத்துப் போயிருந்தார்கள்.

"அப்ப இவ ராசி இல்லியா?" முனியம்மாள் மருமகள் தேவானையை முறைத்தாள். "இவ காலடி வெச்ச நேரந்தான்னு, அப்பன் வூட்டுக்கே தொரத்தி வுடலாம்னு இருந்தேன்."

"காளைதான், ஆயா."

தெருமுனை வரைதான் ஹம்சினியால் பொறுக்க முடிந்தது.

"பொய் சொல்லிட்டு வரியே, வெட்கமா இல்ல? அந்தக் கெட்ட ஜீன் அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தாத்தான் கன்னு சாகும். பசுகிட்டயும் இருக்குன்னு நாமதானே கண்டுபிடிச்சோம்!"

"காளையை மாத்தினா போதும். கன்னு பிழைச்சுக்கும்."

"அது வைத்தியம். நான் கேக்கறது உண்மையை! படிக்காதவங்கன்னா பாதி உண்மை போதுமா? தப்பு காளைகிட்டயும் இருக்கு, பசுகிட்டயும் இருக்கு, தேவானைகிட்ட மட்டும் இல்லேன்னு முழுசாச் சொன்னாத்தானே இந்த ராசிப் பேச்செல்லாம் ஒழியும்?"

"தாயே, என்னைக் கொஞ்சம் பேச விடறியா? அந்தப் பசு..."

அவள் எங்கே நின்றாள்? வந்த வழியே திரும்பிப் பாதித் தெரு தாண்டியிருந்தாள்.

சந்தில் தேவானை பசுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். முனியம்மாள் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள்.

"ஆயா, ஒரு விஷயம் விட்டுப்போச்சு. உங்க பசு..."

"இன்னாம்மா, பசுவுக்கும் எதுனா குறை கீதா?" முனியம்மாள் வைக்கோலைக் கீழே போட்டாள். "சும்மா சொல்லு. இது இவ அப்பன் குடுத்த சீரு. நோவு புடிச்ச மாட்டைப் பாத்து எங்க தலையில கட்டிக்கீறான்னா, மாட்டோட சேத்து இவளையும் இப்பவே ஓட்டி வுடறேன்!"

தேவானையின் கை பசுவின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது.

"குறையா? இதுக்கா?" என்றாள் ஹம்சினி. "தங்கமான பசு, ஆயா. அதைச் சொல்லத்தான் திரும்பி வந்தேன்."