போட்டிக்கு வந்தவர்

"கட்டையில போற மனுசன், இங்கயும் வந்துட்டாரே!"

கம்பைநல்லூர் கான்ட்ராக்டர் கிருஷ்ணப்பன் சர்க்கார் கச்சேரிக்குள் நுழைவதைப் பார்த்ததும், ஆட்களோடு வாசலில் நின்ற ராமக்கா வாய்விட்டே திட்டினாள்.

திட்டாமல் என்ன செய்வாள்? மொரப்பூர் ரோட்டுக்கு ஜல்லி போடும் கான்ட்ராக்ட் அன்றைக்கு ஏலம். யார் குறைந்த கூலிக்குச் செய்கிறாரோ அவருக்கு வேலை. அது யாகப்பனுக்குக் கிடைத்தால்தான் அவர் பாறையில் கல் உடைக்கிற ராமக்கா மாதிரி ஆட்களுக்கு அடுப்பெரியும். இல்லாவிட்டால் பிள்ளைகுட்டிகளோடு கோலார் தங்கச் சுரங்கத்துக்கு நடக்க வேண்டியதுதான்.

முப்பத்திரண்டாம் வருஷத்து வியாபார மந்தம் அப்படி. கேழ்வரகை வாங்க நாதியில்லை. வண்டிக்காரர்களுக்கு வாடகை இல்லை. சர்க்கார் ஒன்றுதான் இன்னும் வேலை கொடுத்துக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்கு, யாகப்பனுக்கும் கிருஷ்ணப்பனுக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தையே கிடையாது. ஏதோ வண்டிப்பாதைத் தகராறு.

"பயப்படாதீங்கண்ணா. உங்க மாதா கைவிடமாட்டாங்க" என்றாள் ராமக்கா.

யாகப்பன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"ஆரம்பிக்கலாமா? யார் கேக்கறீங்க?" என்றார் ஓவர்சியர்.

"வண்டி ஜல்லிக்கு ஒண்ணேமுக்கா ரூவாங்க" என்றார் யாகப்பன்.

"அதுல ஓரணா கம்மி" என்றார் கிருஷ்ணப்பன், இவர் பக்கம் திரும்பாமலே.

யாகப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டார். இன்னும் இறங்கினால் தனக்கு மிஞ்சுவது கஞ்சிக்குத்தான். விட்டாலோ கஞ்சியும் இல்லை.

"நான் இன்னும் ஓரணா கம்மிங்க."

ஓவர்சியர் கிருஷ்ணப்பனைப் பார்த்தார்.

"நமக்குக் கட்டாதுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் வெளியேறிவிட்டார்.

வேலை யாகப்பனுக்கே முடிந்தது.

வாசலில் ராமக்கா கிருஷ்ணப்பனைச் சும்மா விடவில்லை. "ஏனுங்க, ஏழை வயித்துல அடிக்கத்தான் வந்தீங்களா? உங்களால வண்டிக்கு ரெண்டணா போச்சே! நல்லா இருப்பீங்களா?"

அவர் தெருவில் இறங்கி நடந்தார்.

"வுடு ராமக்கா. அவருக்கும் பொழப்பு வேணுமில்ல?" என்றார் யாகப்பன். சொன்னாரே தவிர, அவருக்கும் வயிறெரியத்தான் செய்தது.

கச்சேரிப் பியூன் மாயவன் அருகில் வந்தான். "எந்தப் பொழப்புங்க? அவருதான் போன வாரமே மாடு, வண்டி எல்லாத்தையும் வித்துட்டாரே!"

"அப்புறம் எதுக்கய்யா ஏலம் கேட்டாரு?"

"ஒத்த ஆளு கேட்டா ஏலம் செல்லாதுங்க. தள்ளிவெச்சிருந்தா சேலத்துப் பெரிய கான்ட்ராக்டருங்க வந்து அள்ளிக்கிட்டுப் போயிருப்பாங்க. உங்களத் தவிர யாரும் டெபாசிட் கட்டலேன்னு நேத்து அவருகிட்டச் சொன்னேன். காதுக் கடுக்கன அடகு வெச்சுக் கட்டிட்டாரு."

ராமக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடப்பாவி மனுசா! நான் விட்டுக் கொடுத்திருந்தா வேலை அவரு தலையில விழுந்து, மாடு வண்டி இல்லாம செய்ய முடியாம கட்டின பணமும் போயிருக்குமே!" என்றார் யாகப்பன்.

"நானும் அதத்தாங்க கேட்டேன்" என்றான் மாயவன். "'இத்தன பேர வாசல்ல நிக்க வெச்சுட்டு யாகப்பன் வெறுங்கையோட வெளிய வரமாட்டான்டா, அவன எனக்குத் தெரியும்'னு சொன்னாருங்க."