இரண்டறைக் கேபின்

“முப்பது வருசம் ரெயில்வேயில ஓடியாடின நான் டெக்கில பாய் விரிச்சுப் படுக்கிறன் எண்டு சொல்லுறன். வீட்டுக்குள்ள இருந்த மனுசிக்குக் கடலுக்கு நடுவில ரெண்டு அறை கேக்குது!”

சிவசம்பு இதைச் சொல்வது மூன்றாவது தடவை. கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கியபோது ஒரு தடவை, ரிக்‌ஷாவில் ஒரு தடவை, இப்போது கப்பல் ஏஜெண்டின் ஆபீஸில், குமாஸ்தா ஜெயராஜின் முகத்துக்கு நேரே.

“சொல்லி முடிஞ்சுதோ?” என்றாள் இராசேஸ்வரி. “முடிஞ்சுதெண்டால் அந்தக் கதிரையில இருங்கோ. தம்பி, நீர் அந்தப் படத்தை இஞ்சால திருப்பும்.”

ஜெயராஜ் திருப்பினான். பளபளவென்று கப்பல் படம். புதுக் கம்பெனி. போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலிருந்து கொழும்புக்கு இதுதான் முதல் ஓட்டம். அந்தக் கப்பலை இந்தப் பக்கத்தில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. ஜெயராஜும்தான். ஆனால் இரண்டறைக் கேபின் ஒன்றையாவது யார் தலையிலாவது கட்டாவிட்டால் வேலை நிலைக்காது என்று ஆபீஸ் துரை சொல்லியிருந்தார்.

“குளிக்கிற அறை உள்ளுக்கையோ, வெளியிலயோ?”

“உள்ளேயே இருக்குங்கம்மா.”

“நல்ல தண்ணியோ, உப்புத் தண்ணியோ?”

“நல்ல தண்ணிதாம்மா.”

“சமையல்காரன் ஆர்? மாட்டிறைச்சி வெட்டின கத்தியாலதான் கத்தரிக்காயும் வெட்டுவானோ?”

“சேச்சே! சைவத்துக்குத் தனிச் சட்டி, தனிக் கத்தி, தனி ஆளும்மா.”

அவள் இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தால் தனிக் கடலே இருக்கிறது என்று சொல்லியிருப்பான்.

“கட்டில் ஆடுமோ?”

“கப்பலே ஆடாதும்மா.”

சிவசம்பு சிரித்தார். சிரித்த களைப்பில் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆடாத கப்பல் எண்டால் அது கரையிலதான் நிக்கும் தம்பி. இவ அதிலயும் ஏறுவா.”

இராசேஸ்வரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“பென்ஷன் எடுத்து ஊருக்குப் போறம்” என்று அவர் ஜெயராஜிடம் நியாயம் கேட்டார். “எங்கட ஆக்கள் எல்லாரும் பழைய கம்பெனிக் கப்பலிலதான் போய் வருகினம். நாங்கள் இருந்த பிரிக்பீல்ட்ஸில கேட்டுப் பாரும், ஒருத்தராவது ரெண்டு அறையில போனவையோ எண்டு. யாழ்ப்பாணத்தில, ‘சிவசம்பர் கவர்னர் மாதிரி வந்து இறங்கினார்’ எண்டு கதைப்பினம். எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

“கதைக்கட்டும். கவர்னர் பெண்சாதி எண்டு சொன்னால் எனக்கென்ன சுடுமோ?”

ஜெயராஜுக்கு ஆளைப் புரிந்துவிட்டது. இந்த மாதிரி அம்மாக்களை அவன் பார்த்திருக்கிறான். புருஷன் பென்ஷன் வாங்கிய மறுநாளே சிலருக்கு அட்டியல், சிலருக்குப் பட்டு, இவளுக்குக் கேபின். பாவம் மனுஷன் என்று மனசால் சிவசம்புவின் பக்கம் சேர்ந்துகொண்டான். கையால் புக்கிங் புஸ்தகத்தை இராசேஸ்வரியின் பக்கம் திறந்து வைத்தான்.

“கையெழுத்து யாரும்மா போடுறீங்க?”

“நான்தான்.” அவள் கணவர் பக்கம் திரும்பினாள். “இஞ்சாருங்கோ, எதிர்க்கடையில போய் ஒரு கோப்பி குடியுங்கோ. உங்கட புலம்பலைக் கேட்டு இந்தப் பிள்ளை ஊரைப் பிழையா எழுதி எங்களை ரங்கூனுக்கு அனுப்பப் போகுது.”

“கவர்னரம்மா உத்தரவு” என்று எழுந்தார் சிவசம்பு.

வாசலில் இரண்டே இரண்டு படி. முதல் படியில் கொஞ்சம் நின்றார். இரண்டாவது படியில் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக நின்றார். பிறகு மெதுவாக ரோட்டைக் கடந்தார்.

அவர் கடைக்குள் பெஞ்சில் உட்காரும்வரை இராசேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடவில்லை.

“தம்பி, நீர் சொன்னது ஒண்டையும் நான் நம்பேல்லை. உப்புத் தண்ணி எண்டாலும் குளிப்பன். கட்டில் ஆடினாலும் படுப்பன். அதெல்லாம் அவற்ற காதில விழவேணும் எண்டு கேட்டது.”

ஜெயராஜ் கப்பல் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“அவருக்கு நெஞ்சு சரியில்லை. ஒரு மாசம் தாங்கினால் பெரிய காரியமாம். டாக்டர் என்னட்டை மட்டும்தான் சொன்னவர். இவரோ ஊரைப் பாக்கவேணும் எண்டு பறக்கிறார். நான் எப்பிடி வேண்டாம் எண்டுறது?”

“அம்மா...”

“கடலில ஒருத்தர் செத்தால் அண்டைக்கே சாக்கில சுத்திக் கீழ இறக்கிப் போடுவினம். பழைய கம்பெனியில போய்க் கெஞ்சிப் பாத்தன். என்ன கேபின் எடுத்தாலும் அதுதான் சட்டம் எண்டு கையை விரிச்சிட்டினம். நீங்கள் புதுசு. உங்களுக்கும் இந்தக் கேபினுக்கு ஆள் வேணும்.”

குரல் மாறவில்லை. கத்தரிக்காய்க் கத்தியைப் பற்றிக் கேட்ட அதே குரல்தான்.

“ஒரு அறை எனக்குப் போதும். வழியில அவருக்கு ஏதும் நடந்தால் மற்ற அறையில வைச்சுப் பூட்டுறன். ஐஸ் மட்டும் தந்தால் காணும். கொழும்பில இறக்கி ஊருக்குக் கொண்டுபோய் நெருப்பு வைப்பன். அவரைக் கடலில விடமாட்டம் எண்டு இந்தச் சீட்டில ஒரு வரி எழுதி, கம்பெனி முத்திரை குத்தித் தாரும்.”

இவ்வளவு நேரமும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த ஜெயராஜ், துரையின் அறைப்பக்கம் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது. புஸ்தகத்தைப் பார்த்தான். பிறகு எதிர்க்கடையைப் பார்த்தான்.

“கோப்பி முடியப்போகுது, தம்பி. அவர் வாறதுக்கிடையில எழுதும்.”