இரும்பையும் கேட்க விடுங்க

"இரும்புச் சத்தத்தை நிப்பாட்டி, ஆழத்தை முழுசாக் கூட்டியிருக்கிறன். ராசா காலத்துத் தங்கம் பத்தடிக்குக் கீழ கிடந்தாலும் கத்தும்," என்றார் புதையல் நிபுணர் இராஜரத்தினம்.

ஹந்தானைத் தேயிலை மலைச் சரிவில், அவர் கையிலிருந்த உலோகம் தேடும் கருவி ஊமையாகவே இருந்தது.

"இரும்பையும் கேக்க விடுங்க சார்," என்றாள், புதையல் இருக்கிறதென்று அவரை அழைத்துவந்த சிவபாக்கியம்.

"குப்பையோ வேணும்?" சிரித்தபடி பொத்தானை அழுத்தினார். நடந்த இடமெல்லாம் கருவி அலறியது.

"இவ்வளவு அகலமோ! ராசாவின்ர பெட்டகமேதான்!"

"தோட்டத்து ஆளுங்க நாங்க குடியிருந்த லயத்துக் கூரைத் தகரம் சார். மூணு வருசத்துக்கு முந்தி மண் சரிஞ்சு மூடினது."

அலறல் தொடங்கிய ஓரத்திலிருந்து காலடிகளை எண்ணி நடந்தவள், அவருக்கருகில் வந்து நின்றாள்.

"லயத்துல இதுதான் எங்க வீட்டுக் காம்பரா. எங்க வீட்டுக்காரரு இன்னும் உள்ளதான் இருக்காரு."

நிபுணர் மெல்லக் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றினார்.