உள்சட்டம்

“சுந்தரராஜ் செஞ்சது மாட்டுவண்டி. வீரபாண்டி செஞ்சது அம்பாசடர் காருல்லா!”

டீக்கடைத் தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ சொல்லிச் சிரித்தார்கள். இந்தப் பக்கம் சுந்தரராஜ் பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான்.

ஏசுவடியானின் கிட்டார் பட்டறையில் இருவரும் சமவயதுக்காரர்கள்தான். ஆனால் பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவன் சுந்தரராஜ். போன வருஷம் வந்த வீரபாண்டி போடுகிற பாலிஷில் ஊரே மயங்கிக் கிடந்தது.

ஆடித்தபசுத் திருவிழாக் கச்சேரியில் வாசிக்க, திருவேங்கடத்து வித்வான் மூக்காண்டி புதுக் கிட்டார் ஒன்று கேட்டிருந்தார்.

“ஆளுக்கொண்ணு செய்யுங்கவே. அவரு எதை எடுக்காரோ, அதைச் செஞ்சவந்தான் இனிமே மேஸ்திரி” என்று சொல்லிவிட்டார் ஏசுவடியான்.

மத்தியானம் வீரபாண்டி சாப்பிடப் போனான். அவனுடைய கிட்டாரின் மேல்பலகை இன்னும் ஒட்டாமல் கவிழ்ந்து கிடந்தது. தந்தியின் இழுப்பைத் தாங்க உள்பக்கம் ஒட்டியிருந்த சட்டங்கள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் தண்டி.

சுந்தரராஜ் வாசலைப் பார்த்தான். உளியை எடுத்தான். சட்டங்களைச் சீவிச் சீவிப் பாதியாக்கினான்.

‘தந்தியை முறுக்கட்டும். பலகை அப்பளமா உப்பிரும். அப்பத் தெரியும், எது அம்பாசடர்னு.’

வீரபாண்டி வந்தான். பலகையைத் தூக்கி, விரலால் தட்டிக் காதருகே வைத்தான். மறுபடி தட்டினான். சுந்தரராஜை ஒரு பார்வை பார்த்தான். பசை தடவி, பலகையைப் பொருத்திவிட்டான்.

தந்தி கட்டி ஒரு வாரம் ஆயிற்று. சுந்தரராஜ் தினமும் ஓரக்கண்ணால் பார்த்ததுதான் மிச்சம். பலகை உப்பவே இல்லை.

மூக்காண்டி வந்தார். சுந்தரராஜின் கிட்டாரை மீட்டி, “நல்லாருக்கு” என்றார். அடுத்ததை மீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மீட்டினார்.

“ஏயப்பா! மினுக்கு மட்டுந்தான்னுல்லா நெனச்சேன். இந்த நாதம் எங்கன இருந்துவே வந்துச்சு?”

ஏசுவடியான் பட்டறைச் சாவியை வீரபாண்டியிடம் நீட்டினார். சுந்தரராஜ் தன் உளியைப் பார்த்தான். தன் கையாலேயே வீரபாண்டிக்குப் பட்டம் கட்டியாயிற்று.

வீரபாண்டி சாவியை வாங்கவில்லை.

“எனக்கு மினுக்கத்தான் தெரியும் மொதலாளி. பலகை ஒடஞ்சிருமோன்னு பயந்து சட்டத்தை எப்பவும் தடியாத்தான் விடுவேன், நாதம் அமுங்கிரும். இதுல உள்சட்டம் செதுக்குனது சுந்தரராஜு. நாதம் அவர் கைவேலை.”

“அப்படியாவே? சொல்லவே இல்ல!”

சாவி சுந்தரராஜின் கைக்கு வந்தது.

எல்லாரும் போனபின் வீரபாண்டி புதுப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து சுந்தரராஜ் முன் கவிழ்த்து வைத்தான். உளியையும் பக்கத்தில் வைத்தான்.

“அடுத்த தடவ நான் இருக்கும்போதே செதுக்கும்வே. அவசரத்துல உளி வழுக்கிட்டா? பலகையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்லா?”

சுந்தரராஜ் எழுந்து, சாவியை வீரபாண்டியின் சட்டைப்பையில் போட்டான்.