நூல் அறுத்த மெஷின்

வசுமதியின் தையல் மெஷினுக்கு லேப்டாப்பைக் கண்டாலே வயிற்றெரிச்சல். அரை மணி நேரம் தைத்துவிட்டு, தைத்ததைப் பற்றி இரண்டு மணி நேரம் வலைப்பூவில் எழுதுகிறாளே!

ஒருநாள் அவளை எழுந்திருக்கவே விடக்கூடாது என்று, ஜாக்கெட்டுக்குக் கை வைக்கும்போது நூலை அறுத்து அறுத்துப் போட்டது. அவள் ஊசியை மாற்றினாள், எண்ணெய் விட்டாள். மெஷின் பூரித்துப்போனது. பிறகு அவள் நேராக லேப்டாப்பிடம் போய், 'மெஷின் நூல் அறுத்தால் என்ன செய்வது?' என்று நீளமாக எழுதினாள்.

"கடைசியில உங்கிட்டதானே வந்தா" என்று பொருமியது மெஷின்.

"நீ வேற அக்கா! வந்து யாரைப் பத்தி எழுதுறா? உன் ஊசி, உன் எண்ணெய். மூணு வருஷத்துல என்னைப் பத்தி ஒரு வரி உண்டா?" என்றது லேப்டாப்.

மறுநாள் அவள் எழுத உட்கார்ந்ததும் லேப்டாப் அப்படியே நின்றுபோனது. இனி என்னைப் பற்றி எழுதித்தானே ஆகவேண்டும் என்று காத்திருந்தது. எதில் எழுதுவாள் என்று அது யோசிக்கவில்லை.

வசுமதி நாலு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்தாள். சாப்பிடக்கூட எழவில்லை.

"அக்கா, மடியிலேயே வச்சுக்கிட்டா பாரு."

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

"போகட்டும், இன்னும் பத்துப் பக்கம்தான். முடிஞ்சிடும்."

மெஷின் அலமாரியைப் பார்த்தது. ஐந்து தட்டிலும் புத்தகங்கள் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தன.