பதினாறு மணி நேரப் பயம்

அம்மாவுக்கு விமானம் என்றாலே நடுக்கம். அவளால்தான் போன வருஷம் கடைசி நேரத்தில் டிக்கெட்டையே ரத்து செய்தார் அப்பா.

"பஸ்ஸுல போனாலே கண்ணை மூடிக்கிறவளாச்சே உங்கம்மா!" அத்தை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் அச்சு அசலாகச் சிரித்துக் காட்டுவேன்.

இந்தத் தடவை விளையாட்டில்லை. அக்காவுக்கு இது நிறைமாசம். "இப்பவும் வரலைன்னா உங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசவே மாட்டேன்," என்று போனில் அழுதுவிட்டாள். அவள் இருப்பது பதினாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி. எங்கும் நிற்காமல் பறந்தாலே பதினாறு மணி நேரம்.

"நாளைக்குக் கிளம்பணும். உங்கம்மாவுக்கு ஒரு ஒத்திகை வச்சுடலாம்டா. நீதான் எல்லார் குரல்லயும் பேசுவியே," என்றார் அப்பா.

கேட்கவா வேண்டும்! ஹாலில் சாப்பாட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். இருவரையும் உட்காரவைத்து அப்பாவின் பழைய பெல்ட்டுகளால் கட்டினேன்.

"வணக்கம். உங்கள் கேப்டன் பேசுகிறேன்," என்று கரகரத்தேன். உடனே மூக்கால், "சார், சீட்டை நிமிர்த்துங்க," என்று பணிப்பெண் ஆனேன். பின்சீட்டுக் குழந்தையாக வீறிட்டேன். அதை அதட்டும் பெரியவராக இருமினேன்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

"கேப்டன், நடுவுல எங்கயாவது கொஞ்சம் நிறுத்துவீங்களா?"

"கடல் மேலயா சார்?"

"உங்கம்மாவுக்காகக் கேக்குறேன்டா!"

சற்றுப் பொறுத்து, "பதினாலாயிரம்னு சொல்றியே, குறுக்கு வழி எதுவும் கிடையாதா?"

"பறக்கிறதே குறுக்கு வழிதான் சார்."

"சரி, சரி. உங்கம்மா தாங்கணுமே!"

கேப்டன் மறுபடி கரகரத்தார். "வானிலை சரியில்லை. விமானம் குலுங்கும்." ஜன்னல் திரையை இழுத்து இருட்டாக்கி, இரண்டு நாற்காலிகளையும் பின்னாலிருந்து ஒரே உலுக்கு!

"ஐயோ... அம்மா!"

கீச்சென்று ஓர் அலறல். ஊரார் குரலையெல்லாம் பேசுகிற எனக்கே அது யார் குரல் என்று பிடிபடவில்லை.

திரையை விலக்கினேன். "அப்பப்பா, கத்தியே விட்டேன்! நல்ல வேளை, நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டீங்க," என்றாள் அம்மா.

அப்பா நெற்றி வியர்வையைத் துடைத்தார். "பாத்தியாடா உங்கம்மாவை? சின்னக் குழந்தை மாதிரி!"

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அம்மா குழாயடியில் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அதில் சிவக்கச் சிவக்க நாலு நகத் தடம்.

"அம்மா! அப்ப போன வருஷம் பயந்தது..."

நனைந்த கையாலேயே என் வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாதடா. நாளைக்குப் பதினாறு மணி நேரமும் நான்தான் பயப்படணும்."