எப்போது வருவார்?

"நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாதும்மா. திருடன் மாதிரி திடீர்னு வந்து நிப்பாரு. நாமதான் விழிச்சிருக்கணும்" என்று ஏசுவடியான் சொன்னதும், ஃபோனின் மறுமுனையில் அந்தப் பெண் விசும்ப ஆரம்பித்தாள்.

"எத்தனை நாள்தான் சார் காத்திருக்கிறது? வீட்ல நெருப்பே இல்ல. எல்லாம் காலி."

"காலியான பாத்திரத்தைத்தாம்மா ஆண்டவர் நிரப்புவாரு." விதவையின் எண்ணெய்க் குடம் வற்றாமல் பெருகிய கதையை அவர் உருகி உருகிச் சொன்னார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிங்க சார், இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கறேன்" என்று ஃபோனை வைத்தாள்.

மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளி ஓய்வு பெற்று, ஜனக்புரி ஃபிளாட்டில் மனைவியோடு ஒதுங்கியிருந்த ஏசுவடியானுக்கு ஒரே ஓர் ஆசைதான். வேத வசனத்தைத் தியானித்துப் பேச வேண்டும், நாலு பேர் அதைக் கேட்க வேண்டும். சபைப் போதகர் ஒரே ஒரு தடவை அவரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்கப் பட்ட பாட்டை இன்னும் யாரும் மறக்கவில்லை.

அதனால்தான் சபையின் மாதப் பத்திரிகையில், 'மனச்சோர்வா? தியானச் செய்தி கேட்க அழையுங்கள்' என்று வீட்டு நம்பரைப் போட்டு வைத்தார். மாதக்கணக்கில் ஒரு காக்காய் கூடக் கூப்பிடவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் மணி அடிக்க ஆரம்பித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

தமிழர்கள் மட்டுமல்ல, பஞ்சாபிகளும் பேசினார்கள். "பாயி சாப், ஜல்தி போலியே, கப் ஆயேகா?" எப்போது வருவார் என்று கேட்கிறார்கள்! இரண்டாம் வருகையைப் பற்றி டெல்லிக்கு இத்தனை தாகமா என்று அவருக்குப் புல்லரித்தது. விளக்கோடு மணவாளனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளின் கதையைத் தனக்குத் தெரிந்த இந்தியில் அவிழ்த்துவிட்டார். கத்திக்கொண்டு வந்தவர்கள்கூட, "அச்சா, அச்சா" என்று அடங்கிப் போனார்கள்.

ரிடையரான மேஜர் ராமமூர்த்தி மட்டும் லேசில் மசியவில்லை. "எனக்கு டபுள் உண்டுய்யா! ஒண்ணாவது வந்துதா?" என்று இரைந்தார்.

"எலிசா தீர்க்கதரிசியும் இரட்டிப்பாத்தான் சார் கேட்டாரு. பெரிய வரம் கேட்டா பெரிய பொறுமை வேணும்."

மேஜர், "இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட இப்படிப் பக்குவமா பேசினதில்ல" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

மனைவி சாந்தகுமாரிக்குத்தான் உறுத்தல். "பேசுதவங்க யாரு எவருன்னு கேட்டியளா? ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு போனும் வரமாட்டேங்குதே?"

"ஓய்வுநாளை மதிக்கிறாவ, சாந்தா. இதுகூடப் புரியலியா?"

அந்த வாரமே, அழுத பெண் மறுபடி கூப்பிட்டாள். குரலில் ஒரே துள்ளல். "சார், வந்துட்டாரு சார்!"

"யாரும்மா?"

"அவருதான்! காலைல கதவைத் தட்டினாரு. அவ்வளவு பாரத்தையும் தோள்ல சுமந்துக்கிட்டு மூணு மாடி ஏறி வந்திருக்காரு, பாவம். முகமெல்லாம் வேர்வை. தண்ணி கொடுத்தேன், குடிச்சாரு. நீங்க சொன்னபடியே நடந்துருச்சு சார்!"

ரிசீவர் நழுவி வயரில் தொங்கியது. ஏசுவடியான் இருந்த இடத்திலேயே முழங்காலிட்டார். சாந்தகுமாரி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து, என்ன ஏது என்று கேட்காமலே தானும் முழங்காலிட்டாள்.

ஞாயிறு ஆராதனையில் அவர் எழுந்து இந்தத் தரிசனத்தைச் சாட்சியாகச் சொன்னபோது, கண்ணைத் துடைக்காதவர் இல்லை. மைக்கைப் பிடுங்கிய அதே போதகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வாரப் பிரசங்கம் நீங்கதான் அண்ணாச்சி" என்றார்.

மறுநாள் சஃபாரி சூட் போட்ட ஒருவர், கையில் இனிப்பு டப்பாவோடு வாசலில் நின்றார். "என் பேரு ஆபிரகாம். உங்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. எங்க நோட்டீஸ்ல எங்க நம்பருக்குப் பதிலா தப்பா உங்க நம்பரை அச்சடிச்சுட்டோம். எங்ககிட்ட வர வேண்டிய ஜனங்கல்லாம் உங்ககிட்ட வந்துட்டாங்க."

அடுத்தவன் மந்தையில் ஆடு திருடிய பழி வந்துவிட்டதே என்று ஏசுவடியான் கைகூப்பினார். "நான் ஒருத்தரையும் இழுக்கல தம்பி. அவங்களாத்தான் வந்தாங்க."

"ஐயோ, நான் சண்டைக்கு வரல சார்! முந்தியெல்லாம் தினமும் எங்க வாசல்ல அடிதடி. கண்ணாடியைக்கூட உடைச்சிருக்காங்க. இப்ப ஒருத்தருக்கும் கோபமே வர்றதில்ல. 'அவர் வர்ற நேரத்துக்கு வருவாரு'ன்னு எங்களுக்கே ஆறுதல் சொல்லிட்டுப் போறாங்க. தயவுசெஞ்சு நீங்களே தொடர்ந்து பேசணும்."

ஏசுவடியானுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆபிரகாமை அப்படியே கட்டிக்கொண்டார்.

"எல்லாம் ஆண்டவர் செயல். ஆமா, நீங்க எந்தச் சபை?"

"சபையா? கேஸ் ஏஜென்ஸி, சார்!"